முதல் ஷிப்டு எங்களுடையது

பலாப்பழ வாசனை வந்தால் பண்ருட்டி. கரும்புப் பாகு புளித்த வாடை மூக்கில் ஏறினால் நெல்லிக்குப்பம். அதற்கப்புறம் உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுத்தால் கடலூர், அதாவது கோர்ட்டு. பஸ் நிறுத்தத்துப் பலகைகளைப் படிக்கத் தெரியாத எனக்கு ஊர்கள் எல்லாம் இப்படி மூக்கு வழியாகத்தான் மனப்பாடமாயின. இன்றைக்கும் யாராவது வீட்டில் பலாப்பழம் அறுத்தால் சுளை எடுக்கக் கை நீளும்போதே, இன்றைக்கு வாய்தாவோ என்று தயங்கி நிற்கும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி, "ஏன் ஆயா, பலாப்பழத்துக்கும் டைவர்ஸுக்கும் என்னா சம்பந்தம்?" என்று சிரிக்கிறாள். சம்பந்தம் இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், எனக்கு நேராகப் பேசிப் பழக்கமில்லை.

என் அம்மா அஞ்சலை. அவளைப் பெற்ற தாத்தாவுக்கு முந்திரிக் கொல்லை ஒன்று, "மல்லாட்டை"க் கொல்லை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. மண்ணுக்கடியில் கரி இருக்கிறது என்று சுரங்கத்துக்காக நிலத்தை எடுத்துக்கொண்டபோது, குடியிருக்க வேறு ஓர் இடத்தில் மனையும், வீட்டுக்கு ஒருவருக்கு வேலையும் கொடுத்தார்கள். தாத்தாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அம்மாவின் பெயரைச் சொல்லலாமே என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்குமே தோன்றவில்லை. திருவதிகைப் பக்கம் ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு பையனைப் பார்த்து, அம்மாவைக் கட்டிக்கொடுத்து, மருமகன் பெயரில் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார் தாத்தா. எங்கள் பக்கத்தில் அப்போது கல்யாணப் பேச்சு அப்படித்தான் நடக்கும். "பொண்ணுக்கு எத்தினி பவுன் போட்டாங்க?" என்று ஒருத்தி கேட்பாள். "பவுன் எங்க? வேலை போட்டாங்க!" என்பாள் இன்னொருத்தி. கட்டில், பீரோ, பித்தளைக் குடம், வேலை. எல்லாமே சீர்வரிசைதான்.

அப்பா பர்மனெண்ட் ஆனதும் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவரைத் தட்டினால் வெளிச்சம். ஒரு பக்கத்து வீட்டில் மதுரைக்காரர்கள், மறுபக்கம் நாகர்கோவில்காரர்கள். அவர்கள் வீட்டில் "வேர்க்கடலை" என்றும் "நிலக்கடலை" என்றும் சொல்ல, நான் மட்டும் மல்லாட்டை மல்லாட்டை என்று சொல்லிச் சிரிப்பு வாங்குவேன். கொல்லை போனபின் செய்வதற்கு ஒன்றுமில்லாத தாத்தாவும் எங்களோடு வந்துவிட்டார். வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். வினை அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தது.

அப்பா மின்விசிறி வாங்கி மாட்டினார். தாத்தா அண்ணாந்து பார்த்து, "ஆகா, எம் முந்திரிக் கொல்லக் காத்து எப்பிடி வருது பாரு!" என்றார். அப்பா ரேடியோ வாங்கினார். "எம் மல்லாட்டக் கொல்ல பாடுதுடா!" என்று வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா ஒரு நாள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, "கெணத்துமேட்டு வரப்பு மாதிரி பளிச்சினு இருக்கீங்க மாப்ள" என்றார். தெருவே சிரித்தது. தாத்தாவுக்கு அது குத்தல் என்றே தெரியாது என்று அம்மா கடைசிவரை சொன்னாள். எனக்கென்னவோ அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் படுகிறது. இழந்ததை அப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்பா பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் ஷிப்டு முடித்து வந்து, சட்டையில் கரித்தூசியோடு அப்படியே நின்று, "நான் வேல செய்யறனா, இல்ல உங்கப்பா நெலத்த மேய்ச்சிக்கினு இருக்கறனா? ஒண்ணு அவரு இந்த வூட்டுல இருக்கணும், இல்ல நானு" என்றார். நிலமில்லாத மனிதரை அம்மா எங்கே அனுப்புவாள்? என்னையும் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு, கொடுத்த மனையில் போட்டிருந்த கூரைவீட்டுக்கு வந்துவிட்டாள். கோபம் தணிந்து அப்பா வந்து கூப்பிடுவார் என்று நினைத்தாள். அப்பா வரவில்லை. மனைவி தன்னைக் கைவிட்டுப் போய்விட்டாள், விவாகரத்து வேண்டும் என்று கடலூர் சப் கோர்ட்டில் மனுப் போட்டார். குடும்ப நீதிமன்றம் என்று தனியாக எங்கள் பக்கம் அப்போது ஒன்றும் கிடையாது. நிலத்தகராறும் புருசன் பெண்டாட்டி தகராறும் ஒரே கூடத்தில்தான் நடக்கும்.

அம்மா ஒரு வக்கீலைப் பிடித்தாள். வெற்றிலை போடுகிற மனிதர், நிதானமானவர். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டைவர்ஸ அவரு எடுத்துக்கட்டும் சார். எங்கப்பா குடுத்த வேலைய எம்பேர்ல மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

வக்கீல் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "ஏம்மா, வேலை என்ன பட்டா நெலமா, பேர் மாத்தறதுக்கு?"

"நெலத்துக்குப் பதிலாத்தான சார் குடுத்தாங்க? நெலத்துக்குப் பேர் மாத்தலாம்னா, நெலத்துக்கு வந்ததுக்கும் மாத்தலாந்தான?"

அவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். கல்யாணம் முறிந்தால் இருவர் சொத்தையும் கூட்டிப் பாதியாகப் பிரிக்கிற வழக்கம் நம் சட்டத்தில் இல்லை; யார் பெயரில் இருக்கிறதோ அது அவர்களுடையது. கட்டில், பீரோ, பாத்திரம், நகை அம்மா வீட்டிலிருந்து வந்தவை, அவற்றைத் திருப்பிக் கேட்கலாம். குவார்ட்டர்ஸ் அப்பாவுடையதே இல்லை, அது கம்பெனியுடையது, அதைக் கேட்க முடியாது. வேலை யாருடைய சொத்தும் இல்லை. அதிலிருந்து வருகிற சம்பளத்தில்தான் அம்மாவுக்கும் எனக்கும் ஜீவனாம்சம் கேட்க முடியும்.

"அப்ப நெலமும் இல்ல, வேலையும் இல்ல, வூடும் இல்ல. கட்டுலு மட்டும் எங்க சார் போடறது?" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் வாய்தா வாய்தாவாக அலைந்தோம். அந்த அலுப்பை எப்படிச் சொல்ல? புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போவோம். வக்கீல் வந்தால் ஜட்ஜ் வரமாட்டார். ஜட்ஜ் வந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை இருக்கும். டவாலி வாசலுக்கு வந்து, "அஞ்சலை! அஞ்சலை! அஞ்சலை!" என்று கத்துவார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடுவாள், போன வேகத்திலேயே அடுத்த வாய்தாவை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். அம்மாவின் பெயரை அவ்வளவு பெரிய குரலில் உலகத்தில் வேறு யாரும் கூப்பிட்டதில்லை. அதற்காகவாவது வரலாம் என்று எனக்கு முதலில் இருந்தது. பிறகு அதுவும் சலித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். என் படிப்பு அப்படி பஸ்ஸிலேயே முடிந்தது.

அப்பாவும் வருவார். எதிர்க்கட்சியோடு பேசக்கூடாது என்று வக்கீல் குமாஸ்தா எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா புங்கமரத்தடியில் நிற்பார், நாங்கள் வராந்தாவில். மத்தியானமானால் அப்பா டீக்கடையில் ஒரு பன் வாங்கி, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். போ என்று அர்த்தம். ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வருவேன். "அந்தாளு மெலிஞ்சிட்டாரா?" என்று அம்மா அடிக்குரலில் கேட்பாள்.

கடைசியில் ஒரு நாள் அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். என்ன கேட்கிறாய் அம்மா என்றார் ஜட்ஜ். ஜீவனாம்சம் என்று சொல்லச் சொல்லி வக்கீல் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மா கும்பிட்டுவிட்டு, "வேலைங்க ஐயா" என்றாள். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"சுரங்க வேலை நீ செய்வியாம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"அதே எடத்துல களை கொத்தினவ ஐயா நானு. மேல மண்ணக் கொத்தினவளுக்குக் கீழ மண்ணக் கொத்தத் தெரியாதுங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஜட்ஜ் சிரிக்கவில்லை. அப்பாவைக் கூண்டில் ஏறச் சொன்னார். "இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டார். படித்த படிப்புக்குக் கிடைத்தது என்று சொல்லும்படி அப்பாவின் வக்கீல் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அப்பாவும் "ஐ.டி.ஐ.…" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வாசலில் தாத்தா சொல்லும்போது தெரு சிரித்தது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"மாமனார் நெலத்துக்குங்க ஐயா" என்றார். "அவரு சொன்னதெல்லாம் வாஸ்தவந்தான். தெனம் சொன்னாரு, அதான் தாங்கல."

விவாகரத்துக்குச் சம்மதமா என்று அம்மாவிடம் ஜட்ஜ் கேட்டார். "வேலையே வராதுன்னா அவரு மட்டும் எதுக்குங்க?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது, விவாகரத்து ஆகிவிட்டது. சீராக வந்த சாமான்கள் அம்மாவுக்கு. அப்பாவின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் இருவருக்கும் ஜீவனாம்சம். அப்பா கையில் போகாமல் ஆபீஸிலேயே பிடித்து எங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வேலை யார் நிலத்தால் வந்தது என்பதையும் ஜட்ஜ் தீர்ப்பில் சொல்லியிருக்கிறார் என்று வக்கீல் சந்தோஷமாகச் சொன்னார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து தாத்தாவிடம், வேலை கிடைக்கவில்லை, மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது என்று சோர்ந்து போய்ச் சொன்னாள்.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொரங்கத்துல எத்தினி ஷிப்டும்மா?" என்றார்.

"மூணு."

"அப்பறம் என்னா? ஒரு ஷிப்டு நம்முது!"

அன்றிலிருந்து முதல் ஷிப்டு எங்களுடையதானது. விடியற்காலையில் சங்கு ஊதினால் எங்கள் மனை வரைக்கும் கேட்கும். அம்மா எழுந்து, முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு, "எழுந்திருடி, நம்ம ஷிப்டு ஏறியாச்சு" என்று என்னை உலுக்குவாள். அந்த வாரம் அப்பாவுக்கு முதல் ஷிப்டு என்றால் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். அப்பா காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று யாராவது வந்து சொன்னால், "மத்த ஷிப்டுக்கெல்லாம் ஒழுங்காப் போவாரு, நம்ம ஷிப்டுக்கு மட்டம் போடறாரு பாரு!" என்று சண்டைக்கு நிற்பாள். பிறகு மிளகு ரசம் வைத்து, என் கையில் கொடுத்து குவார்ட்டர்ஸுக்கு அனுப்புவாள். தாத்தா போனார், எனக்குக் கல்யாணம் ஆனது, அம்மா பங்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும்தான். ஏன் என்று இரண்டு பேரையும் நான் கேட்டதில்லை.

அப்பா ரிட்டயர் ஆன மறுநாள் நான் அம்மா வீட்டில் இருந்தேன். விடிகாலையில் சங்கு ஊதியது. அம்மா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

இப்போது அவர்கள் இரண்டு பேருமே இல்லை. நாங்கள் இருந்த பிளாக்கில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தாத்தாவின் கொல்லையில் கரியை எடுத்துவிட்டு மண்ணைக் கொட்டி மரம் வைத்திருக்கிறார்கள். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று கைகாட்ட ஆளில்லை. போன மாதம், புருசனிடம் ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டிருக்கும் பக்கத்து வீட்டுச் சுமதி தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றதால், அவளோடு கடலூர் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனேன். கண்ணாடி மூடிய ஏ.சி. பஸ். பண்ருட்டி போனதும் தெரியவில்லை, நெல்லிக்குப்பம் போனதும் தெரியவில்லை. எந்த ஊர் வந்திருக்கிறது என்று கண்டக்டரைக் கேட்க வேண்டியிருந்தது.

கோர்ட்டில் எல்லாம் மாறிவிட்டது. முதலில் தனி அறையில் உட்காரவைத்து, சேர்ந்து வாழ முடியுமா என்று பேசிப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. எங்கள் அம்மா இந்தக் காலத்தில் வந்திருக்கலாம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பழையபடி வாய்தாதான் கொடுத்தார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், சுமதிக்குத் தைரியம் சொல்லலாம் என்று, "ஒண்ணும் பயப்படாதடி, ஆபீஸ்லயே புடிச்சிக் குடுக்கச் சொல்லுவாங்க. உம் புருசன் எந்த ஷிப்டு?" என்று கேட்டேன்.

"எந்த ஷிப்டுன்னு சொல்றது ஆயா? காண்ட்ராக்ட்டு. கூப்புட்ட அன்னிக்குப் போறாரு. கேஸு போட்டதிலேருந்து வேலைக்குக் கூப்புடறதே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினேன்.