வீடு பூட்டியிருந்ததாம்

தொண்ணூறுகளின் நடுவில் வங்காளத்தில், டாக்குரியாவில் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. கணவர் காலையில் பாங்குக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான்தான். அந்த ஊரில் யாரையும் தாதா, பௌதி என்றுதான் கூப்பிடுவார்கள்; அண்ணன், அண்ணி என்று அர்த்தம். எதிர்வீட்டு பௌதி வந்து உட்கார்ந்தால்தான் காய்கறி வாங்கக்கூட நான் கீழே இறங்க முடியும்.

அந்த வீட்டுக்கு வந்த மின்சார பில்லில் மாதாமாதம் 'வீடு பூட்டியிருந்தது' என்று அச்சாகியிருக்கும். மீட்டர் எங்கள் வாசல் கதவுக்கு உள்பக்கம் இருந்தது. ஆள் வந்து பார்க்காததால் உத்தேசமாக ஒரு தொகையைப் போட்டுவிடுவார்கள். தொகையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பௌதியை உட்காரவைத்துவிட்டு மின்சார அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லைப் புரட்டிப் பார்த்தார்.

"மார்க்கெட்டுக்குப் போயிருப்பீங்க, மேடம்."

"நான் எங்கேயும் போறதில்லை."

"இப்ப இங்கே வந்திருக்கீங்களே."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். பில்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் பால்கனியிலிருந்து தெருவைக் கவனித்தேன். மீட்டர் பார்ப்பவர் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்துக்குள் அவர் நுழையவே இல்லை. மாமனாரைத் தனியாக விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

"எங்க வீட்டுக்கு என்ன எழுதினீங்க, தாதா?"

அவர் பதிவேட்டை மூடினார். "மூணு மாடி, பௌதி. எனக்கு முழங்கால் வலி."

"அப்போ வலின்னு எழுதுங்க. பூட்டுன்னு ஏன் எழுதறீங்க?"

டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் எழுந்து என் பின்னால் வந்தார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார். நான் காத்திருக்கவில்லை.

"யாரு?" என்று குழறலாகக் கேட்டார் மாமனார்.

"மீட்டர் பாக்க வந்திருக்கார், அப்பா."

கட்டிலில் கிடந்தவரை அந்த மனிதர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எண்ணைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமனார் காலமாகிச் சில வருடங்கள் கழித்து எல்லா மீட்டர்களையும் மாற்றிக் கீழ்த்தளத்தில் ஒரே பெட்டிக்குள் வைத்தார்கள். இனித் தெருவில் நின்றபடியே கருவியால் அளவெடுத்துவிடலாமாம்.

"உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்றார் மாட்டியவர்.

முதல் பில்லே மேல்வீட்டுக்காரர்களின் அளவோடு என் கணவர் பெயரில் வந்தது. அவர்கள் வீட்டில் இரண்டு ஏசி. போன் செய்தேன்.

"மெஷின் தப்பா எடுக்காது, மேடம்," என்றாள் ஒரு பெண்.

"மாட்டினது மனுஷன்தானே?"

அவள் இணைப்பைக் காத்திருப்பில் போட்டாள். ஏதோ வாத்திய இசை ஓடியது. நான்கு முறை நேரில் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் ஆள் வந்து பெட்டியைத் திறந்தான். இரண்டு வீட்டு எண்களையும் மாற்றி ஒட்டியிருந்தார்கள். சரிசெய்தான், போய்விட்டான்.

"அதான் சரியாயிடுத்தே, விடேன்," என்றார் கணவர்.

நான் விடவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அட்டை மட்டும் திரும்பி வந்தது.