மோப்பக்காரியின் மூக்கு

செடிப் பண்ணையில் என் அக்காவுக்கு மோப்பக்காரி என்று பெயர். மக்கிய இலை உரம் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளி, மூக்கோடு ஒட்டி வைத்து இழுப்பாள். புளித்த வாடை போய் மண்வாசம் வந்தால்தான் மூட்டை கட்டலாம். "மோப்பக்காரி சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார்.

அந்த மூக்குதான் அடைத்தது. பிறகு மூக்குத்தண்டு வீங்கியது. அப்புறம் கன்னம், மேலுதடு. தொட்டால் கட்டை மாதிரி இருக்கும், ஆனால் வலியே இல்லை. அதனால் யாரும் பதறவில்லை. பேச மட்டும் செய்தார்கள். அக்காவின் கணவர், என் மாமா, அடித்துவிட்டாராம்! கோபம் வந்தால்கூடச் சாப்பாட்டுத் தட்டை மெதுவாக நகர்த்தி வைக்கிற மனிதர் அவர். பாவம், கடைக்குப் போகவே கூசினார்.

முதலாளி செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் முகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்களாம். முன்பக்கம் பூச்செடி விற்றுக்கொண்டு, இடையிடையே உரம் பார்த்தவளை முழுநேரமும் பின்பக்கத்து உரக்குழிக்கே அனுப்பிவிட்டார்.

எங்கள் டாக்டர் வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் வடியும், பிறகு முன்னைவிட அதிகமாக ஏறும். "பூஞ்சைன்னு ஏதோ கேள்விப்பட்டேனே சார், அதுவா இருக்குமோ?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் சர்க்கரை இருக்கறவங்களுக்கு வர்றதும்மா. உங்க அக்காவுக்கு என்ன, கல்லு மாதிரி உடம்பு!" ஆரோக்கியமாக இருந்ததுதான் அவள் செய்த குற்றம். நோஞ்சானாக இருந்திருந்தால் அன்றைக்கே சோதித்திருப்பார்கள்!

கண்ணை மறைக்கிற அளவுக்கு வீங்கிய பிறகு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். "என்ன வேலை பாக்கறீங்க?" என்றுதான் அந்த டாக்டரம்மா முதலில் கேட்டார். அதுவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. மூக்குக்குள்ளிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். மக்கும் இலையில் வாழ்கிற பூஞ்சைதான். நல்ல உடம்புக்குள்ளும் அது நுழையுமாம். வீக்கம் வடியக் கொடுத்த பழைய மாத்திரை, உடம்பின் எதிர்ப்பைக் குறைத்து அதற்குத் தீனி போட்டிருக்கிறது. புது மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினாள். பழைய முகம் திரும்பி வந்தது, மூக்குத்தண்டில் ஒரு மேடு மட்டும் தங்கிவிட்டது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உரக்குழியில் முகமூடி கொடுங்கள், யாரையும் மோந்து பார்க்க விடாதீர்கள் என்றேன். "கண்டிப்பா, கண்டிப்பா" என்றார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று நானும் கூடப் போனேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "வாம்மா, இனிமே முன்னாடியே நில்லு. மூஞ்சிதான் சரியாயிடுச்சே!"

"பின்னாடி யாரு?" என்றாள் அக்கா.

"அதுக்கு வேற ஆள் போட்டாச்சு. நீ கவலைப்படாத."

அக்கா நேரே பின்பக்கம் நடந்தாள். உரக்குழி ஓரத்தில் ஒரு பெண்மணி, வெறும் முகத்தோடு, கை நிறைய உரத்தை மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னங்க இது! மொதலாளிதான் வாசம் பாக்கச் சொன்னாரு" என்று அந்தப் பெண்மணி சீறினார்.

அக்கா அவருடைய விரலைப் பிடித்துத் தன் மூக்குத்தண்டு மேட்டின்மேல் வைத்தாள்.

"மொதல்ல இதத் தொட்டுப் பாருங்க."