செல்லியம்மாள் பேரில் ஒரு பக்கம்

முதல் அழைப்பு வந்தபோது செல்லியம்மாள் ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, வழக்கம்போல, "சொல்லுங்க சார், இன்னா மீனு வேணும்?" என்றாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல் சிரித்தது. அவன் கேட்டது மீன் இல்லை.

எவனோ குடிகாரன் என்று வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் இன்னொருவன் கூப்பிட்டு, அவள் பேரைச் சொல்லியே அதைக் கேட்டான். கடையை ஏறக்கட்டுவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டது.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். செல்லியம்மாளுக்கு முப்பத்தொன்பது வயது. பனையூர்ப் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்தில் வீடு. புருஷன் துரை கடலுக்குப் போகிறவன். விடிகாலையில் கரைக்கு வரும் மீனை எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாக ஷேர் ஆட்டோவில் ராஜகீழ்ப்பாக்கம் கொண்டுவந்து விற்பாள். பதினோரு வருஷமாக ஒரே இடம், தயாளன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரோரம். தயாளன் அந்த ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தில் இப்போது கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். "உக்காந்துக்கோம்மா, இடத்த மட்டும் சுத்தமா வச்சுக்கோ" என்று என்றைக்கோ ஒரு நாள் சொன்னார். அந்த வாய்ச்சொல்லில்தான் அவள் பிழைப்பு நடந்தது.

போன வருஷம் செல்போன் வாங்கி, நம்பரைப் பெட்டி மூடியில் பெயிண்டால் எழுதிவைத்தாள். அதிலிருந்து வியாபாரம் வேறு மாதிரி ஆனது. மாடி வீட்டுக்காரர்கள் முந்தின நாளே கூப்பிட்டு, சங்கரா இருந்தால் எடுத்து வை, நெத்திலி வந்தால் சொல்லு என்பார்கள். அதே போன் இப்போது அடித்தால் உடனே எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் கேட்கிற குரலா மற்றதா என்று எடுத்தால்தான் தெரியும்.

நாலாம் நாள் மத்தியானம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அது அடித்தது. துரை எடுத்தான். காதில் வைத்துக் கேட்டவன் முகம் கறுத்தது. கெட்ட வார்த்தை சொல்லிப் போனைத் தரையில் வைத்தான்.

"எவன்டி அவன்?"

"எனக்கு எப்டித் தெரியும்? நாலு நாளா எவனெவனோ கூப்டுகினு கீறான்."

"நாலு நாளா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் இப்படித்தான் கேட்பான் என்று தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அதை எப்படி அவனிடமே சொல்வது? துரை பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வலைக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை துரையின் அண்ணன் சிட்டிபாபு வந்தார். குப்பத்துப் பஞ்சாயத்தில் அவரும் ஒருவர். வாசலிலேயே நின்று பேசினார்.

"பக்கத்துக் குப்பத்துப் பையன் ஒருத்தன் ஒன் போட்டோவ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து சொல்லிக் கீறான். ஊரே பேசுது. ஞாயித்துக்கெழம ஊர் கூடுது. வந்து பதில் சொல்லு."

"நான் இன்னா பண்ணேன், மாமா?"

"அத்ததான் கேக்கறோம்."

அவர் போன பிறகு துரை அவள் முகத்தைப் பார்க்காமல், "அந்த சிம்ம ஒடச்சிப் போடு. எல்லாம் நின்னு பூடும்" என்றான்.

"ஒடச்சா நான் தப்பு பண்ணிட்டு மறைக்கறேன்னு ஆயிடும். ஒடைக்க மாட்டேன்" என்றாள் செல்லியம்மாள்.

வியாழக்கிழமை காலை சுவரோரத்தில் பெட்டியைத் திறந்து வைத்ததும் ஒரு சின்னப் பையனின் குரல் வந்தது. இந்த முறை அவள் திட்டவில்லை. குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் நம்பர ஒனக்கு யாரு குட்த்தா?"

"நீங்கதான போட்டிருக்கீங்க, ஆர்குட்ல?"

"அது எங்க கீது?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றான். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

எதிர் மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அருள்மேரி, சனிக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிறவள். பெட்டியைப் பக்கத்துப் பூக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு செல்லியம்மாள் படியேறினாள்.

"மேரி, ஆர்குட்டுன்னா இன்னா? கடையா?"

அருள்மேரி முதலில் சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "கம்ப்யூட்டர்ல ஆளாளுக்கு ஒரு பக்கம் வச்சுக்கலாம்க்கா. போட்டோ, பேரு, எல்லாம் போடலாம். பிரெண்ட்ஸ் வந்து பாப்பாங்க, எழுதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே தேடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றது.

திரையில் செல்லியம்மாள் இருந்தாள். ஒரு பெரிய கொடுவா மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் கீழே இருந்த பத்து எண்களும் அவள் பெட்டி மூடியில் இருந்தவை.

"படிச்சிக் காட்டு."

"வேணாம்க்கா."

"என் பேர்லதான எழுதிக் கீது? படி."

அருள்மேரி குரலைத் தாழ்த்தித் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் அவளால் முடியவில்லை. நூற்று நாற்பத்து மூன்று பேர் இந்தப் பக்கத்துக்கு பிரெண்டாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னாள்.

"இத்த அழி."

"என்னால முடியாதுக்கா. இத யாரு ஆரம்பிச்சாங்களோ அவங்க பாஸ்வேர்ட் போட்டு உள்ள போனாதான் அழிக்க முடியும். நம்ம வெளியில இருந்து கம்ப்ளைன்ட் பண்ணலாம். பண்றேன். எப்ப எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. போலீசுக்கும் போலாம்."

"ஞாயித்துக்கெழமக்குள்ள ஆவுமா?"

அருள்மேரி உதட்டைப் பிதுக்கினாள்.

"என் மூஞ்சி, என் பேரு, என் நம்பரு. நான் சொன்னா அழியாதா?"

அருள்மேரி படத்தோடு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தாள். "அழிஞ்சுட்டா அப்புறம் காட்ட ஒண்ணும் இருக்காதுக்கா. பத்திரமா வச்சுக்கோங்க."

படியிறங்கப் போனவள் திரும்பி வந்து, திரையில் இருந்த படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். இடது கட்டைவிரலில் நீலக் கட்டம் போட்ட துணி சுற்றியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கெளுத்தி மீன் முள் குத்தியபோது துரை தன் லுங்கியைக் கிழித்துக் கட்டிவிட்ட துணி அது. ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மறுநாளே ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கட்டு போட்டுவிட்டார்கள். அந்த நாள் நல்ல மழை. ஒன்பது மணிக்கே கடையைக் கட்டினாள். வந்தவர்கள் மொத்தம் நாலு பேர். மூன்று பேர் பெண்கள்.

நாலாவது அருண்ராஜ். தயாளனின் மகன். புது செல்போன் வாங்கியிருந்தான். "செல்லிக்கா, அந்த மீனத் தூக்கிப் பிடிங்க, ஒரு போட்டோ" என்றான். அவளும் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். ஒன்பது வயதில் அம்மாவுக்கு இறால் வாங்கப் பையோடு வந்து நின்றவன். இப்போது காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கிறான்.

செல்லியம்மாள் படியிறங்கி, அந்த வீட்டுச் சுவரோரத்துக்கே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சுவரோரத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்து அந்த வீட்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயாளனிடம் போய்ச் சொன்னால் இந்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் நிற்க வாய் இருக்காது. அன்றைக்கு மட்டும் போன் பதினேழு முறை அடித்தது. அதில் மீன் கேட்டவர்கள் நாலே பேர். ஒரு தடவை கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். தயாளனின் மனைவி ஹேமாவதி மேலே துணி எடுக்க வந்தவள், "என்ன செல்லி, மழையில நிக்கற?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு அருண்ராஜ் பைக்கை வெளியே தள்ளினான். செல்லியம்மாள் எழுந்து போய் வண்டிச் சாவியைப் பிடுங்கினாள்.

"இன்னாக்கா, காலேஜுக்கு லேட்டாவுது."

"அந்த கம்ப்யூட்டர் பக்கம் நீ போட்டதுதான?"

"எந்தப் பக்கம்? எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. சாவியக் குடுங்க." அவன் கண் வீட்டுப் பக்கம் போய் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூக்காரி கட்டுவதை நிறுத்தினாள். ஒருவேளை இவன் இல்லையோ? இவன் எடுத்த போட்டோவை வேறு எவனாவது வாங்கி... அவள் இடுப்பில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்து அவன் காதோடு வைத்து அழுத்தினாள். "பேசு" என்றாள்.

அவன் தலையை விலக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. உள்ளே இருந்து வந்த குரல் அவளுக்கும் லேசாகக் கேட்டது. அவன் கை பைக்கில் இருந்து வழுக்கியது. வண்டி சாய்ந்து சுவரில் முட்டி நின்றது.

"ஒரு வாரமா நான் இத்ததான் கேட்டுகினு கீறேன்" என்றாள். "என் புருஷனும் கேட்டான்."

"சும்மா ஜாலிக்குத்தான்க்கா போட்டோம். பசங்களுக்குள்ள பந்தயம். இவ்ளோ பேரு வருவாங்கன்னு நெனக்கல. அப்பாகிட்ட சொல்லாதீங்கக்கா, ப்ளீஸ்."

"வா மேல."

அருள்மேரி அவனைத் தெருவைப் பார்த்த கம்ப்யூட்டரில் உட்காரவைத்தாள். பாஸ்வேர்ட் இரண்டு முறை தப்பாகப் போனது. மூன்றாவது முறை திறந்தது. அவன் அவசர அவசரமாக நம்பரை மட்டும் எடுத்தான். "போயிடுச்சுக்கா, பாருங்க."

"போட்டோ அப்படியேதான இருக்கு?" என்றாள் அருள்மேரி. "நம்பர எப்ப வேணா திரும்பப் போடலாம். கணக்க மொத்தமா அழி. செட்டிங்ஸுக்குப் போ."

அழித்தால் திரும்ப வராது, நிச்சயமா என்று திரை கேட்டது. அருள்மேரி அதைத் தமிழில் சொன்னாள். அருண்ராஜ் மவுசைப் பிடித்தபடி செல்லியம்மாளைப் பார்த்தான்.

"அமுக்கு" என்றாள்.

படம் போய்விட்டது. அருள்மேரி திரும்பவும் பேரைப் போட்டுத் தேடிக் காட்டினாள். ஒன்றும் வரவில்லை. செல்லியம்மாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அந்த நூத்து நாப்பத்து மூணு பேரும் என் நம்பர எழுதி வெச்சிருப்பான் இல்ல?"

அருள்மேரி, "வச்சிருப்பாங்கக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பத்து அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. செல்லியம்மாள் பிரிண்ட்டை விரித்து சிட்டிபாபு முன்னால் வைத்தாள். படம் போட்டது வேறு ஒருவன், அவள் இல்லை, அவன் கையாலேயே நேற்று அழித்தாயிற்று, அருள்மேரி சாட்சி. இவ்வளவுதான் சொன்னாள்.

"எவன் அவன்? பேரச் சொல்லு" என்றார் சிட்டிபாபு.

அவள் எதிரில் நின்ற இளவட்டங்களைப் பார்த்தாள். இரண்டு பேர் கையில் துடுப்புக் கட்டை இருந்தது. பேரைச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் இவர்கள் டெம்போ பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் நிற்பார்கள். அந்தப் பையனின் மண்டை உடையும். விடிந்தால் துரைதான் முதலில் லாக்கப்பில் இருப்பான்.

"பேரு சொல்ல மாட்டேன்."

"அப்ப அவனுக்கும் ஒனக்கும் இன்னா?" என்று கூட்டத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. சொன்னா நீங்க போயி வெட்டுவீங்க. கேசு எங்க வூட்டு மேல வரும். அதனால சொல்ல மாட்டேன். நம்பாதவங்க நம்பாம போங்க."

துரை எழுந்து வந்து தரையில் கிடந்த தாளை எடுத்தான். அவனுக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், கட்டைவிரலில் தான் கட்டிவிட்ட துணியையும் பார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றான். ஊர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கலைந்தது. ஆனால் அதற்கப்புறம் சில வீட்டுப் பெண்கள் அவளோடு ஒரே ஆட்டோவில் ஏறுவதை விட்டுவிட்டார்கள். கார்த்திகை முடிகிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் இடத்தில் ஒரு கார் நின்றிருந்தது. செவ்வாயன்று இரண்டு. சனிக்கிழமை தெருவில் நடந்தது எப்படியோ தயாளன் காதுக்குப் போயிருந்தது. அவரே வந்து, "பையன் தெரியாம பண்ணிட்டான், நான் கண்டிச்சுட்டேன். ஆனா நீ ரோட்டுல வச்சு அவன் சாவியப் புடுங்கிருக்க வேணாம். இனிமே பார்க்கிங்குக்கு இடம் வேணும்மா" என்றார். பின்னால் ஹேமாவதி நின்றிருந்தாள்.

செல்லியம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். எதிர்ப்புறம் சாக்கடை ஓரம் கொஞ்சம் இடம் இருந்தது. புதன்கிழமை துரை கடலுக்குப் போகாமல் அவளோடு வந்தான். மண் கொட்டி மேடாக்கி, நாலு கழி நட்டுத் தார்ப்பாய் கட்டினான். வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. அவள் கை கத்தியில் இருந்தது. துரை எடுத்துக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் அவ புருஷன் பேசறேன்" என்றான் துரை. "மீனு வேணும்னா சொல்லு. வேற ஒண்ணும் இங்க கெடைக்காது."

வைத்துவிட்டுப் போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, மீன் வாங்க எதிரில் நின்றிருந்த அம்மாவிடம், "தலைய எடுத்துரட்டுமாம்மா?" என்று கேட்டாள்.