பத்துப் பொருத்தம் பார்த்த தகப்பன்

வல்வெட்டித்துறை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மெலிந்த மனிதர், மகளின் சாதகத்தோடு சாத்திரியாரிடம் போய்க்கொண்டிருந்தார். பத்துப் பொருத்தங்களையும் முணுமுணுத்து ஒவ்வொரு விரலாக மடிப்பார். நடுவில் பயந்து எல்லாவற்றையும் விரித்துவிடுவார்.

“ஒவ்வொரு பெடியனுக்கும் ஏதோ ஒரு பொருத்தம் இல்லாமல் போகுது, ஐயா. பிள்ளைக்கும் வயது ஏறுது.”

புள்ளிவிபரவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“பத்துச் சோதனையைத் தனித்தனியா வைச்சால் நல்ல மாப்பிளையும் ஒண்டிலை தவறத்தான் செய்வான். பத்தையும் சேர்த்து ஒரே சோதனையாப் பாருங்கோ.”

“பாக்கலாம். பிழையாப் போனால் அவனோடை ஆர் இருக்கிறது, நீங்களோ?”

நல்லவனைத் தள்ளுவது ஒரு வகைப் பிழை, ஆகாதவனை ஏற்பது மற்ற வகை என்று வகுப்பில் சொல்வேன். எது நேர்ந்தாலும் எனக்குச் சம்பளம் வந்தது.

அவர் இறங்கி மழைக்குள் நடந்தார். விரல்கள் மடிந்துகொண்டே போயின. இம்முறை எண்ணிக்கை எந்த விரலில் நின்றதோ?