வேலிக்கு வெளியே கொஞ்சம் இடம்

இந்த நினைவு மலரின் அட்டையில் என்ன வாசகம் போடுவது என்று அச்சகத்திலிருந்து திரும்பத் திரும்பப் போன் செய்தார்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டால் சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். 'சிவபதவி அடைந்தார்' என்று போட்டால் அம்மா மலரையே கையில் வாங்க மாட்டார். 'மறைந்தார்' என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அட்டையில் வந்த இந்தக் குழப்பம்தான் அவருடைய வாழ்க்கையில் பாதி. அதை மூடி மறைத்து எழுத எனக்கு வரவில்லை. உறவினர்களும் சபையாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வானம் பார்த்த நிலமும் கொஞ்சம் முந்திரித் தோப்பும் உள்ள குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டதால், அண்ணன்தான், அதாவது என் பெரியப்பாதான், தன் படிப்பை விட்டுவிட்டு அவரைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தார். பிறகு அப்பா தஞ்சாவூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை பழகி, கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் சொந்தக் கடை வைத்தார். அந்த ஊருக்கு நர்ஸாக மாற்றலாகி வந்த அம்மாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அம்மா கிறிஸ்தவர். பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீட்டுப் படி ஏறினார். வந்தவர் ஒரு சாக்கு முந்திரிக்கொட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் காபி கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவை வண்டியில் கொண்டுவந்து ஆலய வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் அசன நாள் ஒன்றில், பந்தி உட்காரும் நேரம் பார்த்து ஆலயத்துக் கிணற்று மோட்டார் நின்றுபோனது. யாரோ டீக்கடைக்கு ஓடினார்கள். அப்பா முதன்முதலாக அந்த வாசலுக்குள் நுழைந்தது கையில் ஸ்பேனரோடுதான்.

அதன்பின் அவர் இல்லாமல் அங்கே எதுவும் நடக்கவில்லை. மைக்செட், மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. கடையின் லோடு ஆட்டோவில் நாற்காலிகளைக் கட்டிவைத்து, சுற்று ஊர்களிலிருந்து நடக்க முடியாதவர்களை ஆராதனைக்கு ஏற்றி வருவார். அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடுவார். புயலில் ஓடுகள் பறந்த வாரம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளோடு ஆலயக் கூரையிலேயே குடியிருந்தார். எங்கள் வீட்டு ஓடு பறந்தது பறந்தபடியே கிடந்தது. அம்மா அதை அப்பாவின் கடைசி நாள் வரை சொல்லிக்காட்டினார். ஊர் எல்லையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் மாடுகள் புகுந்து சிலுவைகளைச் சாய்த்தபோது, கல் நட்டுக் கம்பி இழுத்து வேலி போட்டவரும் அப்பாதான்.

ஆனால் ஆராதனை முழுவதும் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டு நடுவில் எழுந்து போவார், பிரசங்கத்தில் எழுந்து போவார். "இந்த மனுசனுக்குப் பெஞ்சில முள்ளு மொளச்சிருக்கு" என்று அம்மா முணுமுணுப்பார். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார் என்றுதான் சபையில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பொருந்தவே இல்லை. கடையில் செம்புக் கம்பியைச் சுற்றத் தொடங்கினால் முற்பகல் முழுதும் இடுப்பை அசைக்காமல் உட்கார்ந்திருப்பார். வாங்கி வைத்த டீ ஆடை படிந்து கிடக்கும். உட்காரத் தெரியாத மனிதர் இல்லை அவர்.

சபையார் முன்னால் போய் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து தொடங்கும்போது மட்டும் தவறாமல் வெளியே போய் எல்லாருடைய செருப்பையும் வரிசையாக அடுக்குவார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் எந்திரிச்சு முன்னாடி போவாங்க. ஞானஸ்நானம் எடுக்காதவன் நான் ஒருத்தன் மட்டும் பெஞ்சில உக்காந்திருக்கணும். நல்லாவா இருக்கும்? வெளியில வந்துட்டா ஏதாச்சும் வேலை இருக்குதுல்ல" என்றார்.

எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

"ஒங்க பெரியப்பா அத்தனை வருசம் பேசாம இருந்துட்டுப் பேசுனவரு. இன்னொரு தடவை மூஞ்சியத் திருப்புனா என்னால தாங்க முடியாது பாப்பா."

சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று எதிலும் மனம் நிலைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து தஞ்சாவூரில் சேர்த்தோம். அங்கேயும் படுத்தபடியே, மின்விசிறி சத்தம் போடுகிறது, ஸ்க்ரூ லூசாக இருக்கிறது என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு விடியற்காலையில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மா ஆயரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்கு இடம் வேண்டும், நாளைக்குத் தானும் அங்கேதான் வரப்போவதாகச் சொன்னார். சபைப் பதிவில் பெயர் இல்லாதவருக்கு இடம் தர வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும் என்றார் ஆயர். கமிட்டி கூடியது. வீட்டில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அப்பாவுக்கு இடம் கேட்டு நிற்கிற நிலைமை வந்ததே என்று ஆத்திரம் தாங்கவில்லை. ஊரிலிருந்து ஆட்களோடு வந்திருந்த பெரியப்பா பந்தலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தாய் தகப்பனை அடக்கம் செய்த முந்திரித் தோப்பு ஓரத்திலேயே தம்பியையும் வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஒருவழியாகக் கமிட்டிச் செயலர் வந்தார். "எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்குங்க. வந்த ஆயருங்க எல்லாருமே கேட்டாங்க. அண்ணன் மனசு நோகும்னு அவருதான் ஞானஸ்நானம் எடுக்காமலே இருந்துட்டாரு."

பெரியப்பாவுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். "எனக்காகவா?" என்று கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நானே சொல்றேன். அவன ஒங்க எடத்துலயே வைங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

செயலர் நெளிந்தார். உள்ளே வைக்கச் சபைச் சட்டம் இடம் கொடுக்காது, வேலிக்கு வெளியே சபை நிலத்திலேயே ஓரமாகக் கொஞ்சம் இடம் தரலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா பேசினார்.

"அந்த வேலிய அவன்தானே போட்டான்? வெளியில நின்னது போதும்ங்க. நான் தூக்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"கொண்டு போவோம் மச்சான். நானும் வாரேன்" என்றார் அம்மா.

அப்பா பிறந்த அந்த ஊரில் பெண்கள் குழி வரை போகும் வழக்கம் இல்லை. அன்று அம்மா போனார், நானும் போனேன், யாரும் தடுக்கவில்லை. கடையின் லோடு ஆட்டோவிலும் பைக்குகளிலுமாகச் சபையில் முக்கால்வாசிப் பேர் தோப்புக்கு வந்து சேர்ந்தார்கள். சங்கு ஊதி முடித்த பிறகு, அங்கி அணியாமல் வெறும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்த ஆயர் ஒரு ஜெபம் செய்தார். செயலரும் வந்து ஒரு பிடி மண் போட்டார். ஆனாலும் என் கோபம் தீரவில்லை, இன்னும் தீரவில்லை. அம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போகிறார். கொண்டுபோய் விடும் நான் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். "கமிட்டி வேற, சர்ச்சு வேற. உள்ள வா" என்கிறார். கால் போகமாட்டேன் என்கிறது.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய கடைத்தெரு நண்பர்களுக்கும், துக்கம் கழியும் வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் சங்கத்தாருக்கும், அப்பா விட்ட இடத்திலிருந்து அந்த லோடு ஆட்டோவை ஞாயிறுதோறும் ஓட்டிவரும் வாலிபர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துணிந்து வந்து ஜெபித்த ஆயருக்கும் நன்றி.

கடைசி நன்றி பெரியப்பாவுக்கு. அன்று மண் தள்ளி முடித்து எல்லாரும் குளிக்கப் புறப்பட்ட பிறகும் அம்மா நகராமல் நின்றார். "எனக்கும் இங்கிட்டே பக்கத்துல ஒரு எடம் விட்டு வைங்க மச்சான். சர்ச்சுக்குப் போற வேதக்காரியைப் போயி இங்க வைக்கலாமான்னு யாரும் கேப்பாங்களோ?" என்றார்.

பெரியப்பா மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"எங்ககிட்ட அதுக்கெல்லாம் கமிட்டி கெடையாது தாயி."