மாத்திரையின் நடுக்கோடு

சித்தூர் போகும் வழியில் உள்ள மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கூழில் இனிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எண் தெரியும். இருபது வருடமாக இதைச் செய்கிறேன். என் மகளின் ரத்தத்தில் ஏறிய இனிப்பு மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பத்தொன்பது வயது. புத்தூரில் டிகிரி படிக்கிறாள். போன வருடம் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கியபோது நாங்கள் முதலில் போனது எலும்பு முறிவுக்குப் பேர்போன புத்தூர்க் கட்டுக்குத்தான். எங்கள் பக்கத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் கால் தானாக அங்கே போகும். கட்டுப் போடுகிறவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எலும்பு நல்லாத்தான் கீது. இது வேற இன்னாவோ. திருப்பதிக்கு இட்டுக்கினு போ" என்று கட்டாமலே அனுப்பிவிட்டார்.

திருப்பதியில்தான் லூபஸ் என்ற பெயரைக் கேட்டோம். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி உடம்பையே தாக்குமாம். தீராது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. அடக்குவதற்கு ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. பத்து நாளில் அவள் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். ஓர் இட்லிக்கு முகம் சுளித்தவள் ஆறு சாப்பிட்டுவிட்டு ஏழாவதைக் கேட்டாள். கன்னம் உப்பியது. "பொண்ணு பூசினாப்புல நல்லா கீது" என்று எதிர்வீட்டு அக்கா சொன்ன அன்றே என் மனைவி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கோடை வந்ததும் நான் தினமும் பங்கனப்பள்ளி மாம்பழமாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். அவள் கொட்டையைச் சப்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி எழுந்து வெளியே போனாள். வெயில் என்று விட்டுவிட்டோம். நோயிலிருந்து எழுந்த பிள்ளை தின்கிறது என்ற சந்தோஷத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை திருப்பதி போனபோது ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. ஸ்டீராய்டால் வந்தது என்றார் டாக்டரம்மா. உப்பிய கன்னமும் அதனால்தான், அந்தப் பசியும் அதனால்தான். சர்க்கரைக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதிவிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைப்போம். ஆனால் நாங்கள்தான் குறைப்போம். நீங்களாகக் கை வைக்கக் கூடாது." எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முதல் வாக்கியம்தான் மனதில் நின்றது.

விரலில் குத்திப் பார்க்கும் கருவி வாங்கினோம். காலையில் எண் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் இருநூற்று எண்பது, முந்நூறு என்று ஏறிவிடும். அவள் விரலிலிருந்து வந்த முதல் சொட்டைப் பார்த்ததும் என் கை நடுங்கியது.

"இன்னா நைனா, ஃபேக்டரியில இப்டித்தான் நடுங்குவியா?" என்று சிரித்தாள். "பேசாம என்னையும் டின்னுல அடைச்சு ஃபாரினுக்கு அனுப்பிடு."

அவளுடைய மாத்திரைகள் என் பொறுப்பில் இருந்தன. காலையில் ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பேன். ஸ்டீராய்டு மாத்திரையின் நடுவில் ஒரு கோடு உண்டு. உடைப்பதற்காகத்தானே கோடு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் உடைத்தேன். நான்காம் நாள் சாயங்கால எண் இறங்கியது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. தினமும் அந்த எண்ணை நோட்டில் எழுதும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாவது வாரம் அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

திருப்பதியில் டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான். மாத்திரை தவறாமல் போடுகிறாளா? நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "போடறேன் மேடம். ஒரு நாள்கூட உட்டதில்ல."

"அப்படியென்றால் இந்த அளவு கேட்கவில்லை" என்று அதை இரட்டிப்பாக்கி எழுதினார்.

மருந்துக்கடை வரிசையில் சீட்டோடு நின்றேன். பக்கத்துப் பெஞ்சில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் கை நீட்டியும் நான் சீட்டைக் கொடுக்கவில்லை. அவளிடம் போய், "பாதிதாம்மா போட்டுக்கினு இருந்தே. நான்தான் ஒடைச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்டி?"

"ஒடைச்சது நாக்குல ஒட்டிக்கும் நைனா. கசக்கும்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் தன் வீங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோட்டுல எழுதறப்ப நீ சிரிச்சுக்கினே எழுதின. அதான். அப்புறம் எனக்கும் மூஞ்சி உப்பல் கொறைஞ்சா நல்லா இருக்கும்னு ஒரு ஆசை."

நான் பேசாமல் இருந்தால், என் தப்புக்காக அவள் இரண்டு மடங்கு மருந்தை விழுங்குவாள். சர்க்கரை இன்னும் ஏறும். திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வேறொரு நோயாளி இருந்தார். அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்று சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, முதலில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதினார்.

சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. அன்றே வார்டில் சேர்த்தார்கள். நான் உண்மையைச் சொல்லியும் மருந்தைக் கூட்டத்தான் வேண்டியிருந்தது. கூடவே இன்சுலின் ஊசியும் வந்தது. என்னால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை தினமும் கண் விழிக்கிறேன்.

மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்ல?"

இப்போது மாத்திரை டப்பா மகளிடம் இருக்கிறது. ஊசியையும் அவளே வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். அப்போது மட்டும் என்னை வெளியே போகச் சொல்வாள். இந்த வருடம் வீட்டுக்கு மாம்பழம் வரவில்லை. என் சட்டையில் கூழ் வாசனை வரும் என்பதால் வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் போகிறேன். அதையும் கண்டுபிடித்து, "மோந்து பாத்தா சுகர் ஏறாது நைனா" என்றாள்.

தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிடுவாள். உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள்.

"பாத்துக்கோ, முழுசு."

பார்க்கிறேன். நடுவில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அவள் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு, அவளுக்கு முகம் தெரியாதபடி குனிந்து, ஏற்கெனவே மாட்டிய செருப்பை மறுபடியும் மாட்டுகிறேன்.