வெர்னலின் தப்பு வெட்டு

மெம்ஃபிஸ் நகரப் பேருந்தை இருபத்து நான்கு வருடமாக ஓட்டும் வெர்னல் டிப்ஸுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆராதனை முடிந்து, கூட்டாளி ஒடெல் வீட்டுக் கார் கொட்டகையில் வழக்கம்போல நண்பர்கள் நாலு பேரும் ஸ்பேடு சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வெர்னல் எழுந்து வாசல்வரை போய் வந்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி நிமிர்த்தினார்.

"யோவ், மூட்டுவலியா, மூலமா?" என்றார் எதிரணி கிளீவன், வறுத்த மீனை மென்றுகொண்டே. "தோக்குறதுக்கு முன்னாடியே பயந்துட்டியா?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான்யா பயம். சீட்டப் போடு."

புதன்கிழமை, நாஷ்வில் கல்லூரியிலிருந்து மகன் ஜமாரி அழைத்திருந்தான். அவனோடு ஒரே அறையில் இருந்த பையன் கார் விபத்தில் செத்துப்போயிருந்தான். ஜமாரி விம்மி விம்மி அழுதான். வெர்னலுக்குக் காது அடைத்தது. "போதும். ஆம்பளையா இரு. முகத்தக் கழுவிட்டுப் போய்ப் படி" என்று சொல்லித் துண்டித்துவிட்டார். அதன்பின் பதினோரு தடவை கூப்பிட்டாயிற்று. அவன் எடுக்கவேயில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறான். அப்பாவோடு பேச ஒன்றுமில்லை என்கிறான்.

பத்து வயதில், வெர்னல் தன் தகப்பனைப் புதைத்த இடத்தில் அழுதபோது, சித்தப்பா அவர் கழுத்தைக் கிள்ளி அடக்கினார். பிறகு அவர் அழவில்லை. ஒருமுறை பேருந்தில் பயணி ஒருவன் அவர் நெற்றியில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கி ஓடினான். அன்றும் கடைசி நிறுத்தம்வரை நேரம் தவறாமல் ஓட்டினார். கல்லு மாதிரி மனுஷன் என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள்.

கிளீவன் டைமண்ட் ராஜாவை இறக்கினார். கையில் டைமண்டே இல்லாதவர்போல வெர்னல் அதைத் துருப்பான ஸ்பேடால் வெட்டினார். இரண்டு சுற்று கழித்து அவர் கையிலிருந்தே டைமண்ட் ஏழு விழுந்தது.

கிளீவன் மேசையில் ஓங்கி அறைந்தார். "டைமண்ட கையில வச்சுக்கிட்டு வெட்டிருக்கான்! அபராதமா மூணு பிடிய இப்படித் தள்ளு! கிறிஸ்துமஸ் வரைக்கும் இதச் சொல்லியே கொல்லப்போறேன்."

ஒடெலுக்குக் கோபம் வரவில்லை. "தூக்கத்துல ஆடினாக்கூட நீ இப்படி வெட்டமாட்டியே. என்னடா?"

"ஒண்ணுமில்ல."

வெர்னல் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஓடுறான் பாரு!" என்றார் கிளீவன். வாசலில் நின்ற வெர்னல், திரும்பாமலே, "பையன் எங்கிட்டப் பேசமாட்டேங்கிறான்" என்றார். நடந்ததை எல்லாம் தெருவைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

கிளீவன் மீனைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு கல்யாணத்தப்போ ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன்னு சொன்னேன்ல? பொய். அவ என்னக் கூப்பிடல. அதுக்கு முன்னாடி ஒரு நாள் அழுதுகிட்டு வந்தா. நான் சிரிச்சேன்."

நாலாவது ஆளான ரூஃபஸ் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார்.

"பையனுக்குக் குரல்ல செய்தி ஏதும் விட்டியா?" என்றார் ஒடெல்.

"உடனே கூப்பிடுன்னு விட்டேன்."

"அது உத்தரவுடா."

வெர்னல் மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. செய்தி விடும் ஒலி வந்தது. "ஜமாரி... அப்பா..." அதற்குமேல் வரவில்லை. தேவாலயத்தில் சாட்சி சொல்ல எழுந்தவர் தடுமாறினால் சபை சொல்வதுபோல, ஒடெல் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெதுவா. அவசரமில்ல." ரூஃபஸும் சொன்னார்: "மெதுவாப்பா."

"நான் சொன்னது தப்பு. நீ அழுதது எனக்குப் பயமா இருந்துச்சு. எனக்கு அழத் தெரியாது, அதான்..." குரல் உடைந்தது. பதிவு நேரம் முடிந்து கைபேசி தானாக நின்றது.

அடுத்த ஆட்டத்தை ஒருவரும் ஒழுங்காக ஆடவில்லை. பாதியில் கைபேசி அதிர்ந்தது. ஜமாரிதான்.

"அப்பா... அதுல அழுதீங்களா?"

"ஆமா."

"அந்தப் பையன் பேரு என்னப்பா?" என்றார் வெர்னல். "அன்னிக்கு நான் கேக்கவேயில்ல."

"டேவியன்."

"அவனப் பத்திச் சொல்லு."

ஜமாரி சொல்ல ஆரம்பித்தான். கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே வெர்னல் கேட்டார்.